விளக்கில் எண்ணெய் உண்டா?

மாலை மங்குமுன் சிம்னியைத் துடைத்து, திரியை நறுக்கி, எண்ணெய் வார்த்து வைப்பது நம் பாட்டிமாரின் வழக்கமாயிருந்தது. மலைச்சாரலில் இருள் சடுதியில் கவிந்துவிடும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இருட்டிய பின் எண்ணெய்ப் புட்டியைத் தேடித் தடுமாறுவது நல்ல இல்லத்தரசிக்கு அழகன்று என்பர்.

ஆண்டவர் அருளிய பத்துக் கன்னியர் உவமையும் இதையே கூறுகிறது. பதின்மரும் கன்னியரே, பதின்மரும் விளக்கேந்தினர், மணவாளன் வரத் தாமதித்தபோது பதின்மருமே கண்ணயர்ந்தனர். வேறுபாடு ஒன்றே ஒன்று: ஐவரிடம் எண்ணெய் இருந்தது, மற்ற ஐவரிடம் இல்லை. அந்த எண்ணெயைக் கடைசி வேளையில் கடன் வாங்கவும் இயலவில்லை. ஞான முதிர்ச்சி என்பது இந்த எண்ணெயே. அது நரையைப் போல் வயதோடு தானாக வருவதன்று. நாள்தோறும் துளித்துளியாகச் சேர்க்கப்படுவது.

இவ்வுண்மைக்குச் சான்று தேடி நாம் தொலைதூரம் செல்ல வேண்டுவதில்லை. நம் உதகை மறைமாவட்டம் 1955-ல் அமைந்தது. அதற்கு ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு முன்பே, இம்மலையில் ஒரு பெண்மணியின் விளக்கு சுடர்விட்டது. அவர்தாம் பாடுகளின் மரியன்னை.

1839 மே 21-ல் பிரான்சு நாட்டின் நாந்த் நகரில் பிறந்த அவருடைய இயற்பெயர் எலேன் தெ ஷப்போத்தேன். 1856-ல் ஒரு தியானத்தின்போது இறைவனின் அழைப்பை உணர்ந்தார். ஆனால் அன்னையின் எதிர்பாராத மரணம் அவரை வீட்டிலேயே நிறுத்தியது. 1860-ல் கிளாரா மடத்தில் சேர்ந்தார். கடும் நோய் அவரை வெளியே அனுப்பியது. 1864-ல் பரிகார மரியன்னை சபையில் உடுப்புப் பெற்றார். மறு ஆண்டே, நவகன்னியாக இருக்கும்போதே, மதுரை மறைபரப்புத் தளத்திற்கு அனுப்பப்பட்டார். 1867-ல், இருபத்தெட்டாம் வயதில், மூன்று மடங்களுக்குத் தலைவியானார். வாசல்கள் அடைபட்ட அந்த ஆண்டுகள் வீணான ஆண்டுகளா? அல்ல; எண்ணெய் சேர்ந்த ஆண்டுகள்.

1874-ல் உதகையில் ஒரு புதிய மடம் தோன்றியது. மலை இரயில் குன்னூரை எட்டியது 1899-ல், உதகையை எட்டியது 1908-ல். ஆகவே அக்கன்னியர் சாலை வழியேதான் மலையேறி வந்திருப்பர். இதற்கிடையில் மதுரைத் தளத்தில் கருத்து வேற்றுமைகள் முற்றின. 1876-ல் சபையைவிட்டுப் பிரிய நேர்ந்த இருபது சகோதரிகள், கோவை ஆயர் ஜோசப் பர்தூ அவர்களின் அரவணைப்பில் உதகையில் ஒன்றுகூடினர். சபையுமில்லை, சட்டமுமில்லை, நாளை என்னாகும் என்றும் தெரியாது.

பாடுகளின் மரியன்னை என்ன செய்தார்? புலம்பிக்கொண்டிருக்கவில்லை; எவர்மீதும் பழி தூற்றவுமில்லை. அவ்வாண்டு நவம்பரில் உரோமை சென்று, உரிய இடத்தில் உண்மையை எடுத்துரைத்தார். 1877 சனவரி 6, மூன்று இராசாக்கள் திருநாளன்று, பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் புதிய சபைக்கு அனுமதி அளித்தார். உதகையின் உறைபனிக் காலத்தில் இங்கே சகோதரிகள் காத்திருக்க, அங்கே அவர்களுடைய சபை பிறந்தது. இன்று உலகெங்கும் பரவியுள்ள மரியாயின் பிரான்சிஸ்கு மறைபரப்புச் சகோதரிகள் சபை அதுவே.

எனினும் சோதனை முடிந்துவிடவில்லை. 1883 மார்ச்சில், தாம் நிறுவிய சபையின் தலைமைப் பொறுப்பினின்றே அவர் நீக்கப்பட்டார். பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் ஆணையிட்ட விசாரணையில் அவர் குற்றமற்றவர் என்பது விளங்கிற்று. 1884 சூலையில் மீண்டும் தலைவியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்த ஓராண்டுக்கு மேற்பட்ட இருளில் அவரது விளக்கு அணையவில்லை. 1904 நவம்பர் 15-ல் அவர் இறந்தபோது, நான்கு கண்டங்களில் 86 மடங்களும் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சகோதரிகளும் இருந்தனர். அவருடைய ஞானப் புதல்வியர் எழுவர் 1900 சூலை 9-ல் சீனாவில் வேதசாட்சிகளாய் உயிர் நீத்தனர்; 2000-ல் புனிதர் பட்டம் பெற்றனர். 2002 அக்டோபர் 20-ல் பாப்பரசர் இரண்டாம் அருள் சின்னப்பர் அன்னைக்கு முத்திப்பேறு பட்டம் வழங்கினார்.

இவ்வரலாறு கன்னியருக்கு மட்டும் உரியதன்று. பங்குச் சபையில் யாரோ கூறிய ஒரு சொல்லால் மனம் நொந்து, ஆலயப் படியை மிதிப்பதையே விட்டுவிட்ட சகோதரிகள் நம்மிடையே உண்டு. வீண்பழி நம்மைச் சுட்டெரிக்கும். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் மனிதர்மீது கொண்ட வருத்தத்தை ஆண்டவர்மீது காட்டுவது முதிர்ச்சியாகாது.

அதேபோல், வாய் மூடிக் கிடப்பதே பொறுமை என்று எண்ணுவதும் தவறு. குடித்துவிட்டு அடிக்கும் கணவனைச் சகித்துக்கொண்டிருப்பதே புண்ணியம் என்று எந்தப் பெண்ணுக்கும் எவரும் போதிக்கலாகாது. அன்னை கடல் கடந்து சென்று உண்மையைக் கூறினாரே! உரிய இடத்தில், உரிய முறையில், பகையின்றிப் பேசுவதும் முதிர்ச்சியின் அடையாளமே. அவ்வாறு பேச முன்வரும் பெண்ணுக்குச் செவிசாய்ப்பது பங்குக் குடும்பங்களின் கடமை.

எண்ணெயைச் சேர்ப்பது எங்ஙனம்? தேயிலைத் தோட்டங்களில் உழைக்கும் நம் தாய்மாரைக் கேளுங்கள். முதுகுக் கூடை ஒரே பிடியில் நிறைவதில்லை. இரண்டிலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளிக் கிள்ளியே நிறைகிறது. மாலையில் எடை போடும்போதுதான் அன்றைய உழைப்பு தெரிகிறது. பருவம் தவறினால் கொழுந்து முற்றிவிடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். விடியலில் ஒரு சிறு செபம், படுக்குமுன் நற்செய்தியில் ஒரு பகுதி, குடும்பச் செபமாலை, அடிக்கடி பாவசங்கீர்த்தனம், மன்னிக்க மனம் வராத ஒருவருக்காக ஓர் அருள்நிறை மந்திரம். இவையே நாம் கிள்ளிச் சேர்க்கும் கொழுந்து.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் மகள் இறையழைத்தலைப் பற்றிப் பேசினால் நகைக்காதீர்கள், அவசரப்படுத்தவும் வேண்டாம். அன்னைக்கு இரு கதவுகள் அடைபட்ட பின்னரே மூன்றாவது திறந்தது. பிள்ளை காத்திருக்கும் காலத்தில் அவளோடு சேர்ந்து செபியுங்கள்.

மணவாளன் வரும் வேளையை நாம் அறியோம். அழைப்பாகவோ, பழியாகவோ, நோயாகவோ, மரணமாகவோ அது வரலாம். இன்றிரவு கதவை அடைக்குமுன் ஒருகணம் நின்று கேட்டுக்கொள்வோம்: என் விளக்கில் எண்ணெய் உண்டா?