கொத்தாமல் ஒரு காய்கறித் தோட்டம்

குளிர்காலம் முழுவதும் எட்டிப் பார்க்காமல் விட்ட பின்வளவு, ஓகஸ்ட் மாதத்தில் புல்லும் களையுமாகக் கிடப்பது எமது வீடுகளில் வழமை. கிக்குயூ புல் பரவிவிட்டால் மண்வெட்டியால் கொத்திச் சீராக்குவது முதுகுக்கும் முழங்காலுக்கும் பெரும் சோதனை. பேரப்பிள்ளைகளைப் பார்க்க ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மாவே பல வீடுகளில் இந்த வேலையைச் செய்கிறார்கள்.

மண்ணைக் கொத்தாமலே தோட்டம் செய்யலாம் என்று எமது சிட்னியில் வாழ்ந்த எஸ்தர் டீன்ஸ் என்ற பெண்மணி காட்டினார். இதைப் பற்றிய அவரது நூல் 1977 இல் வெளிவந்தது. செய்முறை எளிது.

புல்லை ஒட்ட வெட்டுங்கள். அதன்மேல் பத்திரிகைத் தாள்களை ஏழெட்டுத் தாள் தடிப்பில், ஓரங்கள் ஒன்றன்மேல் ஒன்று படியும்படி விரித்து நனையுங்கள். பளபளப்பான தாள் வேண்டாம். அடுத்து, குதிரைமசால் எனப்படும் லூசேர்ன் வைக்கோலை 10 சென்ரிமீற்றர் உயரத்துக்கு அடுக்கி, கோழி எரு தூவுங்கள். அதற்கு மேல் சாதாரண வைக்கோல் 20 சென்ரிமீற்றர், மீண்டும் எரு, கடைசியாக 10 சென்ரிமீற்றர் கூட்டெரு. ஒவ்வொரு அடுக்கையும் நனைக்க வேண்டும்.

வெளிச்சம் கிடைக்காத புல் கீழேயே உக்கிவிடும்; மண்புழுக்கள் மேலே வரும். இப்போது அடுக்கினால் இளவேனிலில் நாற்று நடலாம். மெல்பேர்ணில் குளிர் நீடிப்பதால், மிளகாய், கத்தரி, தக்காளி நாற்றுகளை நவம்பர் முதற் செவ்வாய் வரும் குதிரைப் பந்தய நாளையொட்டி நடுவதே அங்குள்ளவர்களின் வழக்கம்.

முதுகு தப்பினாலும் நுரையீரலை நாம் மறந்துவிடக் கூடாது. கூட்டெருவிலும் பூச்சாடி மண்ணிலும் லீஜனெல்லா லோங்பீச்சே என்ற கிருமி இருக்கலாம். அதன் தூசியைச் சுவாசித்தால் கடுமையான நியூமோனியா வரக்கூடும். 1988-89 இல் தென் அவுஸ்திரேலியாவில் பலர் நோயுற்றபோதே பூச்சாடி மண்ணுடன் அதற்குள்ள தொடர்பு தெரியவந்தது. 50 வயதைத் தாண்டியோர், புகைபிடிப்போர், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தோர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். முகக்கவசமும் கையுறையும் அணியுங்கள். பையை முகத்துக்கு எட்டப் பிடித்து மெதுவாகத் திறந்து, எருவை நனைத்த பின்பே கிளறுங்கள். வேலை முடிந்ததும் கைகளைச் சவர்க்காரமிட்டுக் கழுவுங்கள். சில நாட்களில் காய்ச்சல், இருமல், மூச்சுத்திணறல் வந்தால், கூட்டெரு கையாண்டதை வைத்தியரிடம் மறக்காமல் சொல்லுங்கள். வழமையான சிறுநீர்ப் பரிசோதனையில் இந்த வகைக் கிருமி தெரியாது.

பழைய வீடுகளில் இன்னொரு விடயமும் உண்டு. 1970 க்கு முந்திய வர்ணப்பூச்சும், 2002 இல் தடைசெய்யப்பட்ட ஈயம் கலந்த பெற்றோலும் மண்ணில் ஈயத்தை விட்டுச் சென்றிருக்கலாம். அது சிறு பிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். அப்படியான வீடாயின் முதலில் மண்ணைப் பரிசோதிப்பியுங்கள். மக்குவாரி பல்கலைக்கழகம் 2013 இல் ஆரம்பித்த 'வெஜ்சேஃப்' திட்டம் இதற்காகவே உருவானது. ஈயம் கூடுதலாக இருந்தால், உயர்த்திய பாத்தியில் சுத்தமான மண்ணிட்டுப் பயிரிடுவதே நல்லது.

இந்தக் கோடையில் வீட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு எல்லோருக்கும் கிடைக்கட்டும். எரு மூட்டையைத் திறக்குமுன் முகக்கவசத்தை எடுத்து வையுங்கள்.