வானில் இயந்திரம் நின்றால்

வானில் பறக்கும் விமானத்தின் ஒரே இயந்திரம் திடீரென நின்றுவிட்டால் என்ன நிகழும்? விமானம் கல்லைப்போல் வீழ்ந்துவிடும் என்றே பலரும் எண்ணுவர். அவ்வெண்ணம் தவறானது. விமானத்தை வானில் தாங்குவது இயந்திரம் அன்று, இறக்கைகளே. இறக்கைகளின்மீது காற்று போதிய வேகத்தில் பாயும்வரை விமானம் பறந்துகொண்டே இருக்கும்.

தெலங்கானாவில் உள்ள துண்டிகல் விமானப்படைக் கழகத்தில் 2013 முதல் பிலாட்டஸ் பிசி-7 மார்க் 2 விமானம் பயிற்சிக்குப் பயன்படுகிறது. ஆஸ்திரேலியாவின் பறக்கும் மருத்துவர் சேவை, தொலைவிடங்களில் வாழும் நோயாளிகளைப் பிலாட்டஸ் பிசி-12 விமானங்களில் ஏற்றிச் செல்கிறது. இவை ஒற்றை இயந்திர டர்போபிராப் வகையின. காற்றை அழுத்தி, அதில் எரிபொருளை எரித்து, வெப்ப வளிமத்தால் டர்பைன் எனும் சுழலியைச் சுழற்றி, அவ்வாற்றலால் முன்புற விசிறியை இவ்வியந்திரம் இயக்குகிறது. இது பழுதாவது அரிது. ஆயினும் எரிபொருள் தடைப்பட்டாலோ உட்பகுதி சிதைந்தாலோ நின்றுவிடக்கூடும்.

அவ்வேளையில், விமானம் கீழிறங்குகிறதே என்று அஞ்சி, அதன் மூக்கை மேலே உயர்த்தத் தோன்றும். அதுவே பெருந்தவறு. மூக்கை உயர்த்தினால் வேகம் குறையும். தூக்குவிசை குலைந்து விமானம் வீழும். ஆகவே விமானி மூக்கைச் சற்றுத் தாழ்த்தி, அவ்விமானத்திற்கென வகுக்கப்பட்ட சறுக்கு வேகத்தைப் பேணுகிறார். உயரமே அவருடைய சேமிப்பு. அதனைச் சிறிது சிறிதாகச் செலவிட்டு வேகத்தைப் பெறுகிறார்.

அடுத்து, விசிறியின் இதழ்களை அவற்றின் விளிம்பு காற்றை நோக்குமாறு திருப்புகிறார். இதனால் காற்றுத்தடை வெகுவாகக் குறையும். ஒரு மீட்டர் உயரம் இழக்கையில் 15 மீட்டர் முன்னேறும் விமானம், 3,000 மீட்டர் உயரத்திலிருந்து, காற்று அமைதியாக இருப்பின், 45 கிலோமீட்டர் செல்லும். அத்தொலைவிற்குள் ஓடுதளத்தையோ மின்கம்பிகளற்ற சமவெளியையோ அவர் தேர்ந்துகொள்கிறார்.

இறங்குமிடம் உறுதியான பின்னரே, நேரமிருப்பின், இயந்திரத்தை மீண்டும் இயக்க முயல்கிறார். வானொலியில் 'மேடே' என மும்முறை கூறித் தம் நிலையைக் கட்டுப்பாட்டு மையத்திற்கு அறிவிக்கிறார். தரையிறங்குமுன் எரிபொருளை அடைத்து, பயணிகளின் இருக்கைப் பட்டைகள் இறுகியுள்ளனவா எனக் கேட்டறிகிறார்.

புறப்பட்ட சில நொடிகளிலேயே இயந்திரம் நின்றால் நிலைமை கடினமாகும். பின்னே தெரியும் ஓடுதளம் திரும்பிவரத் தூண்டும். ஆனால் திரும்புகையில் உயரம் விரைந்து குறையும். போதிய உயரம் இல்லாதபோது, நேர் எதிரே அல்லது சற்று விலகியுள்ள திறந்தவெளியில் இறங்குவதே உயிர் காக்கும் வழி. விமானம் சேதமடையினும் உயிர் பிழைக்கும்.

இவற்றையெல்லாம் அந்நொடியில் சிந்தித்துக் கண்டறிய இயலாது. ஆகையால்தான் விமானிகள் தரையிலுள்ள சிமுலேட்டர்களில் இதனைப் பலமுறை பயில்கின்றனர். இடர் நேர்கையில் துணிவு மட்டும் போதாது. முதலில் செய்யவேண்டியதை முதலில் செய்யும் ஒழுங்கும் வேண்டும்.

சிந்தித்து விடை எழுதுக

1. உயரத்தை விமானியின் 'சேமிப்பு' என்று கூறுவது ஏன்?
2. இயந்திரத்தைச் சீர்செய்வது விமானியின் முதற்கடமை ஆகாதது ஏன்?