பென் டிரைவ் இல்லாமல் கோப்பு அனுப்பலாம்

வினாத்தாளும் மதிப்பெண் பட்டியலும் பல பள்ளிகளில் இன்றும் பென் டிரைவில்தான் பயணம் செய்கின்றன. அது தொலைந்தால் மாணவர்களின் பெயர், பிறந்த தேதி, மதிப்பெண் அனைத்தும் கண்டெடுத்தவர் கைக்குப் போய்விடும். ஒரு கணினியின் வைரஸ் மற்றொன்றுக்குத் தாவும் வழியும் அதுவே. அதனால் எங்கள் ஆய்வக லினக்ஸ் கணினிகளுக்கு நான் எஸ்.எஸ்.எச். வழியாகவே கோப்புகளை அனுப்புகிறேன்.

எஸ்.எஸ்.எச். என்றால் என்ன?

'செக்யூர் ஷெல்' என்பதன் சுருக்கம் இது. பின்லாந்தின் ஹெல்சின்கி தொழில்நுட்பப் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் திருடப்பட்டதை அடுத்து, அங்கிருந்த டாட்டு இலோனென் 1995இல் இதை உருவாக்கினார். அதற்கு முன் பயன்பட்ட டெல்நெட், எஃப்.டி.பி. ஆகியவை கடவுச்சொல்லை அஞ்சலட்டை போல வெளிப்படையாக அனுப்பின. எஸ்.எஸ்.எச். முத்திரையிட்ட உறை போன்றது. இடையில் எடுத்துப் பார்ப்பவருக்கு எதுவும் புரியாது.

கோப்பு அனுப்பும் முறை

பெறும் கணினியில் ஓப்பன் எஸ்.எஸ்.எச். சர்வர் நிறுவப்பட்டிருக்க வேண்டும். அனுப்பும் கணினி லினக்ஸாகவோ விண்டோஸ் 10, 11 ஆகவோ இருக்கலாம்.

கட்டளைச் சாளரத்தில் முதலில் எஸ்.சி.பி., அடுத்து கோப்பின் பெயர் என இடைவெளி விட்டுத் தட்டச்சு செய்யுங்கள். பிறகு பயனர் பெயர், அட் குறி, ஐ.பி. முகவரி, முக்காற்புள்ளி, சேர வேண்டிய கோப்புறை ஆகியவற்றை இடைவெளியின்றி எழுதுங்கள். முக்காற்புள்ளியை விட்டுவிட்டால் கோப்பு எங்கும் போகாது. அந்த முகவரியையே பெயராகக் கொண்ட ஒரு நகல் உங்கள் கணினியிலேயே உருவாகும். முழுக் கோப்புறையை அனுப்ப எஸ்.சி.பி.க்குப் பின் சிறுகோடும் சிறிய 'ஆர்' எழுத்தும் சேர்க்க வேண்டும்.

கோப்பை நகர்த்தாமலே திறக்கலாம்

மதிப்பெண் பட்டியலுக்கு நான் விரும்புவது இந்த முறையைத்தான். எஸ்.எஸ்.எச். கட்டளையுடன் சிறுகோடும் பெரிய 'எக்ஸ்' எழுத்தும் சேர்த்து ஆய்வகக் கணினியில் நுழைந்து, லிப்ரே ஆபிஸ் என்ற பெயரைக் கட்டளையாகத் தருகிறேன். மென்பொருள் இயங்குவது ஆய்வகத்தில். அதன் சாளரம் தெரிவது ஆசிரியர் அறையில் உள்ள என் லினக்ஸ் மடிக்கணினியில். சேமித்தால் கோப்பு ஆய்வகக் கணினியிலேயே இருக்கும். என் மடிக்கணினி தொலைந்தாலும் பட்டியல் வெளியே போகாது.

விண்டோஸில் இதற்கு எக்ஸ்மிங் போன்ற எக்ஸ் சர்வர் மென்பொருள் தேவை. தொடர்பு அறுந்தால் மென்பொருளும் மூடிவிடும் என்பதால் அடிக்கடி சேமியுங்கள். காணொலிக்கு இம்முறை ஏற்றதல்ல.

கவனிக்க வேண்டியவை

முதல்முறை இணையும்போது எதிர்க் கணினியின் 'கைரேகை' திரையில் தோன்றும். அது ஆய்வகக் கணினியில் உள்ளதோடு பொருந்துகிறதா எனப் பார்த்தபின் 'யெஸ்' கொடுங்கள். பின்னொரு நாள் கைரேகை மாறியதாக எச்சரிக்கை வந்தால், கணினியில் இயங்குதளம் புதிதாக நிறுவப்பட்டதா என ஆய்வகப் பொறுப்பாளரிடம் கேளுங்கள். இல்லையென்றால் கடவுச்சொல்லைத் தராதீர்கள்.

ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் தனிக் கணக்கு இருக்கட்டும். பள்ளி வலையமைப்புக்கு வெளியே இந்த வசதியைத் திறந்துவிட வேண்டாம். முதலில் ஒரு பாடத்திட்டக் கோப்பை அனுப்பிப் பாருங்கள். கை பழகிய பிறகு மதிப்பெண் பட்டியலைத் தொடலாம்.