இளையராஜாவின் சிம்பொனியை வாசித்த ராயல் பில்ஹார்மோனிக்: மாத்திரைப் பணத்தில் பிறந்து, கலைஞர்கள் காப்பாற்றிய இசைக்குழு

2025 மார்ச் 8ஆம் தேதி இசைஞானி இளையராஜாவின் 'வேலியண்ட்' சிம்பொனி லண்டனில் அரங்கேறியது. அந்தச் செய்தி சுங்கை பட்டாணி, கூலிம் வட்டாரத் தமிழர் வீடுகளிலும் பேசப்பட்டது. ஆனால் அதை வாசித்த ராயல் பில்ஹார்மோனிக் இசைக்குழுவைப் பற்றிப் பலரும் அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஒரு காலத்தில் அந்தக் குழுவே கலைந்துபோகும் நிலையில் இருந்தது.

சிம்பொனி என்றால் என்ன?

நம் கோயில் திருவிழாவில் நாதஸ்வரக்காரர் ஒரு ராகத்தை எடுத்து, அந்த நேரத்து மனோதர்மப்படி விரித்து வாசிப்பார். தவில்காரர் அவரைப் பின்தொடர்வார். சிம்பொனியில் அப்படி முடியாது. வயலின் முதல் டிரம்ஸ் வரை ஒவ்வொரு கருவியும் எந்த நொடியில் எந்தச் சுரத்தை வாசிக்க வேண்டும் என்பதை இசையமைப்பாளர் முன்கூட்டியே எழுதிவிடுகிறார். நரம்புக் கருவிகள், மரக்குழல்கள், பித்தளைக் குழல்கள், தாளக் கருவிகள் என நான்கு பிரிவுகளில் எண்பது, தொண்ணூறு பேர்கூட அமர்வார்கள். முன்னால் நிற்கும் நடத்துநர் எந்தக் கருவியையும் வாசிப்பதில்லை. வேகத்தையும் ஒலியின் அளவையும் கையசைவால் காட்டுவதே அவர் வேலை.

மாத்திரை விற்ற குடும்பம்

ராயல் பில்ஹார்மோனிக் குழுவை 1946இல் தொடங்கியவர் சர் தாமஸ் பீச்சம். அவருடைய தாத்தா வயிற்றைச் சுத்தம் செய்யும் மாத்திரை விற்றுப் பெரும் செல்வம் சேர்த்தவர். பேரனுக்கு அந்தச் செல்வம் இசைக்குழுக்களை உருவாக்கக் கைகொடுத்தது. 1932இல் லண்டன் பில்ஹார்மோனிக் குழுவை நிறுவியவரும் பீச்சம்தான். போருக்குப் பிறகு தமக்கென்று மற்றொரு குழு வேண்டும் என எண்ணி, சிறந்த கலைஞர்களைத் தேடிச் சேர்த்தார். 1946 செப்டம்பர் 15ஆம் தேதி லண்டனுக்குத் தெற்கே குரோய்டனில் முதல் கச்சேரி நடந்தது.

குழு முழுவதும் பீச்சம் என்ற ஒரே மனிதரைச் சார்ந்திருந்தது. அவர் 1961இல் காலமானதும் சிக்கல் தொடங்கியது. அவர் மறைந்த நாளும் மார்ச் 8 என்பது தற்செயலான ஒற்றுமை.

கலைஞர்களே முதலாளிகள்

அடுத்த இரண்டு ஆண்டுகளில் குழு முக்கியமான வாய்ப்புகளை இழந்தது. ராயல் பில்ஹார்மோனிக் சங்கம் தன் கச்சேரிகளுக்கு இக்குழுவை அழைப்பதை நிறுத்தியது. 'ராயல்' என்ற பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தலாமா என்பதே கேள்வியானது. 1963இல் கலைஞர்கள் தாங்களே கம்பெனி அமைத்து நிர்வாகத்தை ஏற்றார்கள். 1966இல் இரண்டாம் எலிசபெத் மகாராணியார் 'ராயல்' பட்டத்தை அவர்களுக்கே வழங்கினார்.

கெடா மக்களுக்கு இது புதிய கதை அல்ல. அதே காலக்கட்டத்தில் இங்கே வெள்ளைக்கார முதலாளிகள் ரப்பர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, பல தொழிலாளர் குடும்பங்கள் வேலையையும் வீட்டையும் இழந்தன. அந்தச் சூழலில்தான் 1960இல் துன் வீ.தி.சம்பந்தன் தலைமையில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் உருவானது. தொழிலாளர்கள் பத்து வெள்ளியாகச் செலுத்திய பணத்தில் சங்கம் முதலில் வாங்கியது கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டத்தை. முதலாளி போன பிறகு உழைப்பவர்களே பொறுப்பை ஏற்றால்தான் பிழைக்க முடியும் என்ற நிலை இரண்டு இடங்களிலும் இருந்தது.

எல்லா இசைக்கும் இடம்

சொந்தமாகச் சம்பாதிக்க வேண்டிய கட்டாயத்தால் இக்குழு எந்த வேலையையும் தாழ்வாக நினைக்கவில்லை. 1969இல் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் 'டீப் பர்ப்பிள்' ராக் குழுவுடன் மேடையேறியது. 1981இல் பழைய சிம்பொனி மெட்டுகளை டிஸ்கோ தாளத்தில் கோத்து வெளியிட்ட இசைத்தட்டு உலகெங்கும் விற்றது. திரைப்படங்களுக்கும் வாசித்தது. 2004 முதல் லண்டனின் கடோகன் மண்டபத்தைத் தன் இல்லமாகக் கொண்டது. 2021இல் வசிலி பெத்ரென்கோ இசை இயக்குநரானார்.

இளையராஜாவுக்கும் இக்குழுவுக்கும் உறவு ஏற்பட்டது 1993இல். அந்த ஆண்டு ஜான் ஸ்காட் நடத்த, அவர் எழுதிய சிம்பொனி லண்டனில் பதிவானது. ஆனால் அது ரசிகர்களுக்காக வெளியிடப்படவில்லை. 2005இல் புடாபெஸ்ட் இசைக்குழுவுடன் 'திருவாசகம்' வந்தது. 34 நாள்களில் எழுதிய 'வேலியண்ட்' மேடையேறியபோது, முதல் பதிவு முடிந்து 32 ஆண்டுகள் ஆகியிருந்தன. பண்ணைப்புரத்தில் பிறந்தவர் 81ஆம் வயதில் அந்த மேடையில் நின்றார்.

நம் பிள்ளைகளுக்கு

இத்தகைய இசையை நேரில் கேட்க லண்டன் போக வேண்டியதில்லை. கோலாலம்பூர் இரட்டைக் கோபுரத்தில் உள்ள பெட்ரோனாஸ் பில்ஹார்மோனிக் மண்டபத்தில் 1998 முதல் மலேசிய பில்ஹார்மோனிக் குழு வாசித்து வருகிறது. 2007இல் முதல் கச்சேரி நடத்திய அதன் இளையோர் குழு, தேர்வு வைத்துத்தான் ஆள் சேர்க்கிறது. அந்தத் தேர்வுக்குச் சுரக்குறிப்பைப் பார்த்து வாசிக்கத் தெரிந்திருக்க வேண்டும். அதைச் சிறு வயதிலேயே கற்றுக்கொள்ளும் வாய்ப்பு கெடாவின் தமிழ்ப்பள்ளி மாணவர்களுக்கும் கிடைத்தால், அங்கே வயலின் பிடித்து அமர்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளையும் ஒருவராக இருக்கலாம்.