ஆட்டுக்கால் பாயா முதல் தோல் செருப்பு வரை... கொலாஜன் ரகசியத்தை கிண்டியில் உடைத்த ஜி.என்.ராமச்சந்திரன் யார்?

திண்டுக்கல்லில் சாப்பாட்டுக்குப் பேர் போன கடைகளுக்குப் பஞ்சமே இல்லை. அங்கே ஆட்டுக்கால் பாயா வாங்கி, மிச்சத்தை ஃப்ரிட்ஜில் வைத்துப் பாருங்கள். காலையில் எடுத்தால் ஜெல்லி மாதிரி கட்டியாக நிற்கும். அதே ஊரில் இருக்கும் தோல் தொழிற்சாலைகளுக்குள் போகிற பச்சைத் தோல், வருஷக்கணக்கில் அழுகாத லெதராக வெளியே வருகிறது.

பாயா ஜெல்லி ஆவதற்கும், தோல் லெதர் ஆவதற்கும் காரணம் ஒரே பொருள்தான். அதன் பெயர் கொலாஜன்.

இந்த கொலாஜன் உள்ளுக்குள் எப்படிப் பின்னப்பட்டிருக்கிறது? உலகின் பெரிய ஆய்வகங்களே திணறிய இந்தக் கேள்விக்கு விடை வந்தது சென்னை கிண்டியில் இருந்து. விடை சொன்னவர் ஜி.என்.ராமச்சந்திரன்.

கொலாஜன்னா என்ன?

நம் உடம்பில் இருக்கும் புரதங்களிலேயே அதிகமாக இருப்பது இதுதான். தோல், எலும்பு, தசைநார், குருத்தெலும்பு, ரத்தக்குழாய்ச் சுவர் என எல்லாவற்றையும் இழுத்துப் பிடித்து வைத்திருப்பது கொலாஜன். தண்ணீரில் நீண்ட நேரம் கொதிக்கவிட்டால் இதன் முறுக்கு பிரிந்து ஜெலட்டின் ஆகிவிடும். ஆறிய பாயா கட்டியாவது அதனால்தான்.

தோல் பதனிடும்போது நடப்பது இதற்கு நேர் எதிர். முடியையும் கொழுப்பையும் நீக்கிய பிறகு மிஞ்சுவது பெரும்பாலும் கொலாஜன். அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டை, கடுக்காய். இப்போது பெரும்பாலும் குரோமிய உப்பு. இவை கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று இறுக்கிக் கட்டிவிடுகின்றன. கிருமிகளால் அதை எளிதில் அரிக்க முடியாது.

யார் இந்த ராமச்சந்திரன்?

1922 அக்டோபர் 8-ம் தேதி எர்ணாகுளத்தில் பிறந்தவர். 1942-ல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் சேர்ந்தது மின் பொறியியல் படிக்கத்தான். சர் சி.வி.ராமன் அவரை இயற்பியல் பக்கம் இழுத்துக்கொண்டார். பிறகு கேம்பிரிட்ஜில் ஆய்வுப் பட்டம். 1952-ல், 30 வயது நிரம்பும் முன்பே, சென்னைப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் துறைத் தலைவராக வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில் சென்னைக்கு வந்த பிரிட்டிஷ் விஞ்ஞானி ஜே.டி.பெர்னல், கொலாஜனின் அமைப்பு இன்னும் புதிராகவே இருக்கிறது என்று சொல்ல, ராமச்சந்திரன் அதைக் கையில் எடுத்தார். பக்கத்திலேயே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருந்தது பெரிய வசதி. மாதிரிகளுக்கு அங்கே உதவி கிடைத்தது. கங்காரு வாலின் தசைநாரில் இருந்து எடுத்த கொலாஜன் மீது எக்ஸ்ரே பாய்ச்சி எடுத்த படங்கள்தான் முக்கியத் துப்பு.

என்ன கண்டுபிடித்தார்?

மூன்று புரி கயிறு பார்த்திருப்பீர்கள் இல்லையா? கொலாஜனும் அப்படித்தான். 1954-ல் ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் மூன்று இழை மாதிரியை 'நேச்சர்' இதழில் வெளியிட்டார்கள். 1955-ல் அதைத் திருத்தி, மூன்று இழைகளும் ஒன்றையொன்று சுற்றி முறுக்கியிருக்கின்றன என்று காட்டினார்கள்.

முறுக்கு இறுக்கமாக அமைய, ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும் கிளைசின் என்ற மிகச் சிறிய அமினோ அமிலம் இருந்தாக வேண்டும். வேறு எதுவும் அந்த இடுக்கில் அடங்காது. மரபணுப் பிழையால் ஒரே ஒரு கிளைசின் இடம் மாறினாலும், லேசாக விழுந்தாலே எலும்பு முறியும் பிறவி நோய் வரக்கூடும்.

எதிர்ப்பு வந்ததா?

வந்தது. அதுவும் டி.என்.ஏ. புகழ் பிரான்சிஸ் கிரிக்கிடம் இருந்து. கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955-ல் தங்கள் மாதிரியை வெளியிட்டு, "சென்னை மாதிரியில் சில அணுக்கள் அளவுக்கு மீறி நெருக்கமாக இருக்கின்றன" என்று குறை சொன்னார்கள். இழைகளுக்கு இடையே எத்தனை ஹைட்ரஜன் பிணைப்புகள் என்பதில், பின்னால் வந்த ஆதாரங்கள் கிரிக் பக்கமே நின்றன. ஆனால் மூன்று இழை முறுக்கு என்ற அடிப்படை ராமச்சந்திரன் சொன்னபடியே நிலைத்தது.

ராமச்சந்திரன் அதோடு விட்டுவிடவில்லை. 'சரி, அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம்? அதற்கு எல்லை எது?' என்று தேடத் தொடங்கினார். அவருடைய பெரிய சாதனை பிறந்தது அந்தக் குறையில் இருந்துதான்.

ராமச்சந்திரன் வரைபடம்: சிம்பிளா சொன்னா?

கதவுக்குப் பின்னால் பீரோ இருந்தால் கதவு பாதிதான் திறக்கும். புரதச் சங்கிலியிலும் அதே கதைதான். ஒவ்வொரு அமினோ அமிலத்திலும் சுழலக்கூடிய இரண்டு இணைப்புகள் உண்டு. ஆனால் எல்லாக் கோணத்துக்கும் திரும்ப முடியாது, அணுக்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும்.

எந்தக் கோணங்கள் சாத்தியம், எவை சாத்தியமில்லை என்று கணக்கிட்டு ஒரே படத்தில் காட்டினார்கள் ராமச்சந்திரன், சி.ராமகிருஷ்ணன், வி.சசிசேகரன் மூவரும். ஆய்வு வெளியான ஆண்டு 1963.

இப்போ அதனால என்ன பயன்?

உலகில் யார் ஒரு புரதத்தின் வடிவத்தைக் கண்டுபிடித்தாலும், அது சரியா என்று பார்க்கும் முக்கியச் சோதனைகளில் ஒன்று இந்த வரைபடம். கொரோனா வைரஸின் ஸ்பைக் புரதத்துக்கும் இந்தச் சோதனை உண்டு. 2024-ல் நோபல் பெற்றுத்தந்த ஆல்ஃபாஃபோல்டு போன்ற ஏஐ கணிக்கும் வடிவங்களையும் இதில் வைத்துப் பார்க்கிறார்கள். புரதத்தின் வடிவம் தப்பானால், அதை நம்பி வடிவமைக்கும் மருந்தும் தப்பாகிவிடும்.

1971-ல் ஏ.வி.லட்சுமிநாராயணனுடன் சேர்ந்து அவர் எழுதிய கணித முறை, சிடி ஸ்கேன் படங்களை உருவாக்கவும் வழிகாட்டியது.

நம்ம உடம்புக்கு இதுல என்ன சேதி?

கொலாஜன் முறுக்கு கலையாமல் நிற்க வைட்டமின் சி தேவை. அது ரொம்பவே குறைந்தால் ஈறில் ரத்தம் வரும், புண் ஆறாது. அதுதான் ஸ்கர்வி. நம்ம ஆயக்குடி கொய்யாவில் வைட்டமின் சி தாராளமாக இருக்கிறது. விளம்பரத்தில் வரும் கொலாஜன் பவுடர் அப்படியே முகத்துக்குப் போய் ஒட்டிக்கொள்ளாது. மற்ற புரதங்களைப் போல அதுவும் வயிற்றில் செரித்து உடைந்துதான் உடம்பில் சேரும்.

ராமச்சந்திரனுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1977-ல் லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர், 1999-ல் எவால்டு பரிசு ஆகிய கௌரவங்கள் வந்தன. 2001 ஏப்ரல் 7-ம் தேதி சென்னையில் காலமானார்.

உங்கள் வீட்டில் உயிர்வேதியியல் படிக்கும் பிள்ளை இருந்தால், புத்தகத்தில் 'ராமச்சந்திரன் பிளாட்' என்ற தலைப்பைக் காட்டச் சொல்லுங்கள். அந்தப் படம் கிண்டியில் போட்டது என்பதையும் சொல்லிவிடுங்கள்.