மின்னூட்டமும் அதன் அலகு மாற்றமும்

மின்னூட்டத்தை அளப்பதற்குப் பன்னாட்டு அலகு முறையில் கூலூம் என்னும் அலகு வழங்குகிறது. இரு மின்னூட்டங்களுக்கு இடையிலான விசை, அவற்றின் இடைத்தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமைகிறது என்பதை 1785-ஆம் ஆண்டில் முறுக்குத் தராசு என்னும் நுண்கருவியால் அளந்து காட்டிய பிரெஞ்சுப் பொறியாளர் சார்லஸ் அகஸ்டின் டி கூலூமின் பெயரே இதற்கு இடப்பட்டது. ஒரு கம்பியில் ஓர் ஆம்பியர் மின்னோட்டம் பாயும்போது ஒரு வினாடியில் கடந்து செல்லும் மின்னூட்டம் ஒரு கூலூம் ஆகும். அது ஏறத்தாழ 62,400 கோடி கோடி எலக்ட்ரான்களின் மின்னூட்டத்துக்குச் சமம்.

நிலைமின்னியலில் இது மிகப் பெரிய அளவு. தலா ஒரு கூலூம் மின்னூட்டம் கொண்ட இரு பொருள்கள் ஒரு மீட்டர் இடைவெளியில் இருப்பின், அவற்றுக்கிடையே எழும் விசை சுமார் 900 கோடி நியூட்டன், அதாவது 9 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட எடைக்கு நிகராக இருக்கும். ஆதலால் நடைமுறையில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி கூலூம், பத்து லட்சத்தில் ஒரு பங்கான மைக்ரோ கூலூம், நூறு கோடியில் ஒரு பங்கான நானோ கூலூம், லட்சம் கோடியில் ஒரு பங்கான பிக்கோ கூலூம் ஆகிய சிற்றலகுகள் பயன்படுகின்றன. இவற்றுள் ஒவ்வொன்றும் அடுத்ததைவிட ஆயிரம் மடங்கு பெரியது என்பதால், சிறிய அலகுக்கு ஒரு படி இறங்கும்போது எண்ணை ஆயிரத்தால் பெருக்கவும், பெரிய அலகுக்கு ஒரு படி ஏறும்போது ஆயிரத்தால் வகுக்கவும் வேண்டும். மின்விசிறிகளில் காணப்படும் 2.5 மைக்ரோஃபாரட் மின்தேக்கிக்கு 400 வோல்ட் மின்னழுத்தம் கொடுத்தால், இவ்விரு எண்களின் பெருக்கற்பலனாகிய 1,000 மைக்ரோ கூலூம் அதில் சேரும். அதுவே 1 மில்லி கூலூம், அல்லது 0.001 கூலூம்.

மின்கலங்களின் மேல் அச்சிடப்படும் மில்லி ஆம்பியர் மணி என்பதும் மின்னூட்டத்தின் அலகே. மின்னோட்டத்தை நேரத்தால் பெருக்கினால் மின்னூட்டம் கிடைக்கும். ஒரு மணிக்கு 3,600 வினாடிகள் இருப்பதால், ஓர் ஆம்பியர் மணி 3,600 கூலூமாகவும், அதில் ஆயிரத்தில் ஒரு பங்கான மில்லி ஆம்பியர் மணி 3.6 கூலூமாகவும் அமைகின்றன. இதன்படி 5,000 மில்லி ஆம்பியர் மணி கொண்ட கைப்பேசி மின்கலத்தின் கொள்ளளவு 18,000 கூலூம். இத்தனை கூலூம் இருந்தும் அருகிலுள்ள பொருள்களை அது விசையால் தாக்குவதில்லை. ஏனெனில் இந்த எண், மின்கலம் ஒரு முனையிலிருந்து மறு முனைக்குச் சுற்றின் வழியே செலுத்தவல்ல மின்னூட்டத்தைக் குறிக்கிறதேயன்றி, அதில் மிகுதியாகத் தேங்கி நிற்கும் மின்னூட்டத்தைக் குறிப்பதில்லை.

கூலூமுக்கு அடிப்படையான ஆம்பியர், 2019 மே 20 முதல் ஓர் எலக்ட்ரானின் மின்னூட்ட அளவை மாறாத எண்ணாக வைத்து வரையறுக்கப்படுகிறது. எனினும் மின்கலத்தின் கணக்கில் மணி என்னும் நேர அலகு நீடிப்பதால், மில்லி ஆம்பியர் மணியைக் கூலூமாக்க விரும்புவோர் 3.6 என்னும் பெருக்கெண்ணை நினைவில் வைத்திருக்க வேண்டும்.