கதவாக நிற்கும் நீர்



சமையலறையில் பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியில் உள்ள குழாயைக் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? நேரே இறங்காமல், அது கீழே வளைந்து, சற்று மேலேறி, அதன் பின்னரே சுவருக்குள் செல்லும். இவ்வளைவு அழகுக்காக அமைந்ததன்று. இதில் எப்பொழுதும் சிறிது நீர் தங்கியிருக்கும். சாக்கடையின் நாற்றமும் நச்சுக்காற்றும் வீட்டினுள் புகாதபடி தடுக்கும் கதவு அந்நீரே. 1775ஆம் ஆண்டில், அலெக்சாண்டர் கம்மிங் என்னும் கடிகாரக் கலைஞர் தமது கழிப்பறை அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். அதில் இத்தகைய வளைவு இடம்பெற்றிருந்தது.

ஆனால், நீராலான கதவு எளிதில் அகன்றுவிடக் கூடியது. மண்ணெண்ணெய்த் தகரத்தில் ரப்பர்க் குழாயை விட்டு ஒருமுறை உறிஞ்சிவிட்டால், பிறகு எண்ணெய் தானாகவே வழியும் அன்றோ? அங்ஙனமே, தொட்டி நிறைந்த நீரை ஒருங்கே திறந்துவிடும்போது, அது குழாயை அடைத்துக்கொண்டு விரைந்து இறங்குகிறது. தன் பின்னே காற்றழுத்தத்தைக் குறைக்கிறது. அறையிலுள்ள காற்றின் அழுத்தமோ குறைவதில்லை. அது வளைவில் தங்க வேண்டிய நீரையும் தள்ளிவிடுகிறது. இறுதியில் 'களக், களக்' என்று ஒலி எழுவது இதனாலேயே.

இதற்கு மாற்று யாது? எண்ணெய்க் குழாயின் உச்சியில் ஒரு துளையிட்டால், காற்றுப் புகுந்து ஓட்டம் நின்றுவிடும். அதே முறையில், வளைவைக் கடந்த இடத்திலிருந்து ஒரு காற்றுக்குழாயை மேலே எழுப்பிக் கூரைக்கு வெளியே திறந்துவிடுகின்றனர். அதன் வழியே காற்று வந்து அழுத்தத்தைச் சமன் செய்ய, வளைவிலுள்ள நீர் நிலைத்து நிற்கிறது. அமெரிக்காவில் பரவலாக வழங்கும் குழாய் விதிகள் இக்காற்று வழியை வற்புறுத்துவதோடு, தங்கும் நீரின் ஆழம் 2 அங்குலத்திற்குக் குறையாமலும் 4 அங்குலத்திற்கு மிகாமலும் இருக்க வேண்டும் என்கின்றன. ஆழம் குறைந்தால் காவல் குன்றும். மிகுந்தால் அழுக்குத் தேங்கும்.

இவ்விதிகளைச் சிலர் வீண் செலவு என எண்ணக்கூடும். 2003ஆம் ஆண்டில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் அடுக்குமாடிக் குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோரைச் சார்ஸ் நோய் பற்றியது; 42 பேர் மாண்டனர். குளியலறைத் தரையிலிருந்த வடிகால் வளைவுகள் பல நீரின்றி உலர்ந்து கிடந்தன. காற்றை வெளியேற்றும் விசிறிகள் சுழன்றபோது, கழிவுக் குழாயிலிருந்த கிருமி கலந்த நுண்துளிகள் அவற்றின் வழியே அறைக்குள் ஈர்க்கப்பட்டன என்று ஆய்வாளர் கண்டனர். அங்கு நீர் உறிஞ்சப்படவில்லை, உலர்ந்தது. எனினும் கதவு திறந்துகொண்டது என்பதில் வேறுபாடில்லை.

ஆகவே நான் உங்களுக்குக் கூறுவது இதுதான்: அரிதாகப் பயன்படும் வடிகாலில் அவ்வப்போது ஒரு செம்பு நீர் ஊற்றுங்கள். தொட்டி வடியும்போதெல்லாம் குழாய் ஒலியெழுப்பினால், அதற்குக் காற்று வழி உண்டா என வினவுங்கள். இரண்டங்குல நீர் ஒரு குடும்பத்தைக் காக்கிறது. அந்நீரைக் காப்பது நம் கடன்.